திறமூல மென்பொருளின் உரிமத்தை மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரியில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து, காணொளி ஓட்டும் விஎல்சி செயலி நீக்கப்பட்டது. செயலியில் கோளாறு எதுவும் இல்லை. விஎல்சி ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. பயனர்மீது ஆப் ஸ்டோர் விதிக்கும் கட்டுப்பாடுகள் அந்த உரிமத்துக்கு முரணானவை என்று விஎல்சியை எழுதியவர்களில் ஒருவரே புகார் கொடுத்திருந்தார்.

இதுவும் வேறு சில காரணங்களும் சேர்ந்து, விஎல்சியின் உள்ளே இயங்கும் லிப்விஎல்சி நூலகத்தை எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்ற அந்தக் குழு முடிவு செய்தது. மையப் பகுதி 2011 டிசம்பரில் மாறியது. படத்தையும் பாட்டையும் ஓட்டும் மாட்யூல்களில் பெரும்பாலானவை 2012 நவம்பரில் மாறின. பத்து ஆண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட நிரல் அது; எழுதியவர்களோ பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கானோர். அவர்களைத் தேடிப் பிடித்து, விளக்கி, ஒப்புதல் வாங்கிய பிறகே மாற்றம் நடந்தது. 2013 ஜூலையில் ஐஃபோனுக்கான விஎல்சி திரும்ப வந்தது.

பலர் சேர்ந்து எழுதிய திட்டத்தின் உரிமத்தை, பழைய உரிமமே இடம் தராத வகையில் மாற்ற நினைத்தால் இந்த வழியில்தான் போயாக வேண்டும். லைசென்ஸ் கோப்பைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். நிரலை எழுதிய ஒவ்வொருவரின் சம்மதத்தையும் பெறுவதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதை முறையாகச் செய்வது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

## தொடங்கும் முன்: மூன்று அடிப்படைகள்

எழுதியவரே உரிமையாளர். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதிய கணத்தில் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். இலங்கையில் அது 70 ஆண்டு. உங்கள் திட்டத்துக்கு ஒருவர் பேட்ச் அனுப்பினால் அந்தப் பகுதியின் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. களஞ்சியத்தின் சாவி உங்கள் கையில் இருப்பதால் அது உங்களுடையதாகிவிடாது.

உரிமம் என்பது அனுமதி. பங்களித்தவர் தன் நிரலை அன்றைக்கு இருந்த உரிமத்தின் விதிகளின்படி பயன்படுத்திக்கொள்ள அனுமதி தந்தார். வேறு விதிகளின்படி வெளியிட வேண்டுமென்றால், பழைய உரிமமே அதற்கு இடம் தர வேண்டும். இல்லையென்றால் அவரிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலத்தைப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது அல்லவா? அதே நிலைதான் இங்கும்.

கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஏற்கெனவே வெளியிட்ட பதிப்புகள் பழைய உரிமத்திலேயே தொடரும். உங்கள் மாற்றம் அடுத்த வெளியீட்டிலிருந்துதான் செல்லும். மாற்றம் பிடிக்காதவர்கள் பழைய பதிப்பை எடுத்துத் தனியாக வளர்க்கலாம். அது அவர்களுடைய உரிமை.

உரிமங்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி ஆகியவை தளர்வான உரிமங்கள்: பெயரையும் உரிமக் குறிப்பையும் வைத்துக்கொண்டு எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம், மூடிய மென்பொருளிலும்கூட. ஜிபிஎல், எல்ஜிபிஎல், ஏஜிபிஎல், எம்பிஎல் ஆகியவை காப்பிலெஃப்ட் உரிமங்கள்: மாற்றி விநியோகிப்பவர் அதே சுதந்திரத்தை அடுத்தவருக்கும் தர வேண்டும். இந்தக் கடமை எவ்வளவு தூரம் பரவும் என்பதில்தான் இவை நான்கும் வேறுபடுகின்றன.

## படி 1: ஏன் மாற்றுகிறோம் என்று எழுதி வையுங்கள்

முதல் வேலையாக, மாற்றத்துக்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் சொல்ல முடியாத காரணத்தை நூறு பேரிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்க முடியாது.

நியாயமான காரணங்கள் பல உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் பழைய உரிமத்தில் இருந்த விளம்பர நிபந்தனையால் ஜிபிஎல் மென்பொருள்களோடு ஒட்டாமல் இருந்தது. அது அப்பாச்சி 2.0-க்கு மாறியது. எல்எல்விஎம் கம்பைலர் திட்டத்துக்குக் காப்புரிமை தொடர்பான தெளிவு தேவைப்பட்டது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் ரியாக்ட் நூலகம் பிஎஸ்டி உரிமத்தோடு தனியாக ஒரு காப்புரிமை விதியையும் வைத்திருந்தது. அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்ததும் எதிர்ப்பு வலுத்தது. 2017 செப்டம்பரில் ரியாக்ட் எம்ஐடிக்கு வந்தது.

காரணத்தை எழுதும்போதே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்: உரிமத்தை மாற்றாமல் இந்தச் சிக்கலைத் தீர்க்க வழி உண்டா? ஒரே ஒரு நூலகத்தோடு பொருந்தவில்லை என்றால், ஜிபிஎல் திட்டத்தில் அந்த நூலகத்துக்கு மட்டும் விதிவிலக்கு ஒன்றைச் சேர்த்தால் போதும். அதற்கும் சம்மதம் வேண்டும்தான். ஆனால் கேட்பது சிறியதாக இருந்தால் கிடைப்பதும் எளிது.

## படி 2: இப்போதைய உரிமத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

ரீட்மியில் ‘ஜிபிஎல்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அது போதாது. லைசென்ஸ் கோப்பையும் ஒவ்வொரு மூலக் கோப்பின் தலைப்பையும் திறந்து பாருங்கள். ‘ஜிபிஎல் பதிப்பு 2’ என்றிருக்கிறதா, ‘பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்’ என்றிருக்கிறதா? பிந்தைய பதிப்பை அனுமதிக்கும் அந்த ஒரு வரி இருந்தால், யாரையும் கேட்காமல் ஜிபிஎல் 3-க்குப் போகலாம். இல்லாவிட்டால் எல்லோரையும் கேட்க வேண்டும்.

லினக்ஸ் கெர்னலில் அந்த வரி இல்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் வெளியிட்டபோது, பணத்துக்கு விநியோகிக்கக் கூடாது என்று அவரே எழுதிய உரிமம் இருந்தது. 1992-இல் அதை ஜிபிஎல்லுக்கு மாற்றினார். எழுதியவர்கள் அப்போது மிகச் சிலர் என்பதால் அது எளிதாக முடிந்தது. இன்று ஆயிரக்கணக்கானவர்களின் நிரல் அதில் இருக்கிறது; ஜிபிஎல் 2-ஐ விட்டு அது நகர்வது நடைமுறையில் நடக்காத காரியம். மாற்ற வேண்டுமென்று தோன்றினால், திட்டம் சிறிதாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

## படி 3: எந்தத் திசையில் போகிறீர்கள்?

எந்த உரிமத்திலிருந்து எதற்குப் போகிறீர்கள் என்பதே வேலையின் அளவைத் தீர்மானிக்கும்.

- எம்ஐடி அல்லது பிஎஸ்டியிலிருந்து ஜிபிஎல்லுக்கு: எளிது. தளர்வான உரிமமே இதற்கு இடம் தருகிறது. பழைய பதிப்புரிமைக் குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய பதிப்பை ஜிபிஎல்லில் வெளியிடலாம்.
- ஜிபிஎல்லிலிருந்து எம்ஐடி அல்லது அப்பாச்சிக்கு: கடினம். உரிமையாளர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும்.
- எல்ஜிபிஎல் 2.1-இலிருந்து ஜிபிஎல்லுக்கு: அந்த உரிமத்தின் மூன்றாவது பிரிவே அனுமதிக்கிறது.
- ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு: விஎல்சி போன வழி. அனைவரின் சம்மதமும் வேண்டும்.
- அப்பாச்சி 2.0-இலிருந்து ஜிபிஎல்லுக்கு: ஜிபிஎல் 3-க்குள் சேர்க்கலாம். ஜிபிஎல் 2-உடன் பொருந்தாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு.

புதிய உரிமத்தை ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அங்கீகரித்த பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். சொந்தமாக உரிமம் எழுத முனையாதீர்கள். ‘நல்ல காரியங்களுக்கு மட்டும்’ என்று ஒரு வரியைச் சேர்த்தால்கூட அது திறமூல உரிமம் என்ற தகுதியை இழக்கும். டெபியன் போன்ற விநியோகங்கள் அதைத் தம் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காது.

நீங்கள் சார்ந்திருக்கும் நூலகங்களையும் இந்தக் கட்டத்தில் பார்த்துவிடுங்கள். குனு ரீட்லைன் நூலகம் ஜிபிஎல் 3-இல் இருக்கிறது. உங்கள் நிரல் முழுவதையும் எம்ஐடிக்கு மாற்றினாலும், ரீட்லைனோடு சேர்த்துக் கட்டிய மென்பொருளை ஜிபிஎல் விதிப்படிதான் விநியோகிக்க முடியும். நூலகத்தை மாற்றாமல் உரிமத்தை மட்டும் மாற்றுவதால் நினைத்த பயன் கிடைக்குமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

## படி 4: எழுதியவர்களின் பட்டியலைத் தயாரியுங்கள்

பொறுமை கேட்கும் வேலை இது. கிட்டில் ஷார்ட்லாக் என்ற கட்டளை உண்டு. எஸ், என், இ ஆகிய மூன்று தெரிவுகளோடு அதை ஓட்டினால், யார் எத்தனை கமிட் செய்திருக்கிறார் என்பது பெயர், மின்னஞ்சலோடு வரிசையாக வந்துவிடும்.

அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிட முடியாது. ஒரே ஆள் மூன்று இடத்தில் நிற்பார்: மாணவராக இருந்தபோது கல்லூரி மின்னஞ்சலில் 40 கமிட், வேலைக்குப் போன பிறகு அலுவலக மின்னஞ்சலில் 12, இடையில் புனைபெயரில் 3. மூன்றும் ஒருவரே என்று கிட்டுக்குத் தெரியாது. களஞ்சியத்தின் மேலடுக்கில் மெயில்மேப் என்ற கோப்பை உருவாக்கி, இவர்தான் அவர் என்று வரி வரியாக எழுதிவிட்டு ஷார்ட்லாக்கை மறுபடி ஓட்டுங்கள். பெயர்கள் ஒன்றுசேர்ந்து பட்டியல் குறைவதைப் பார்க்கலாம். பழைய மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். கல்லூரியிலிருந்து எழுதியதா, அலுவலகத்திலிருந்து எழுதியதா என்ற தகவல் அடுத்த படியில் தேவைப்படும்.

கமிட் வரலாற்றில் தெரியாத பங்களிப்பாளர்களும் உண்டு. அவர்களை இந்த இடங்களில் தேடுங்கள்:

- கமிட் செய்தியின் அடியில் இணை ஆசிரியர் என்று குறிக்கப்பட்டவர்கள்.
- மின்னஞ்சலில் பேட்ச் அனுப்பி, பராமரிப்பாளரின் பெயரில் சேர்க்கப்பட்டவர்கள். செய்தியில் ‘நன்றி’ என்ற சொல்லைத் தேடினால் பலர் கிடைப்பார்கள்.
- சப்வெர்ஷன் போன்ற பழைய முறையிலிருந்து கிட்டுக்கு மாறியபோது பெயரை இழந்தவர்கள்.
- மொழிபெயர்ப்பாளர்கள். தமிழ் உட்பட எல்லா மொழிக் கோப்புகளும் யாரோ உட்கார்ந்து எழுதியவை. கெட்டெக்ஸ்ட் முறையில் இருக்கும் பிஓ கோப்பைத் திறந்தால், கடைசியாக மொழிபெயர்த்தவரின் பெயர் அதன் தலைப்பிலேயே இருக்கும்.
- ஐகான் வரைந்தவர்கள், ஆவணம் எழுதியவர்கள்.
- வெளியிலிருந்து எடுத்து ஒட்டிய நிரல். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கும் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமத்தில் வருபவை. அவற்றை எம்ஐடி என்று பெயர் மாற்றி வெளியிட முடியாது.

பட்டியல் முடிந்ததும் ஒரு அட்டவணை போடுங்கள். பெயர், மின்னஞ்சல், பங்களித்த ஆண்டுகள், இன்றைக்கும் நிரலில் எஞ்சியிருக்கும் வரிகள், கேட்ட தேதி, வந்த பதில், பதில் இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கட்டும். எஞ்சியிருக்கும் வரிகளைக் கண்டுபிடிக்க கிட் பிளேம் உதவும். ஒருவர் எழுதியது முழுவதும் பின்னால் அழிக்கப்பட்டிருந்தால் அவரிடம் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. ஆனால் கோப்பு இடம் மாறியதாலோ, உள்தள்ளல் திருத்தப்பட்டதாலோ வேறொருவர் பெயரில் வரிகள் தெரியலாம், அதைக் கவனியுங்கள்.

## படி 5: உரிமை உண்மையில் யாரிடம்?

எழுதியவரே எப்போதும் உரிமையாளராக இருப்பதில்லை. இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே அலுவலக மின்னஞ்சலிலிருந்து வந்த கமிட்டுகளுக்கு அந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியிருக்கும். சென்னையிலோ கோவையிலோ ஐடி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் இரவில் வீட்டில் எழுதியதாக இருந்தாலும், அவருடைய பணி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். சில ஒப்பந்தங்கள் வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் தமதாக்கிக்கொள்கின்றன.

ஃப்ரீலான்ஸராக ஒருவருக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கியிருந்தால், பணம் கொடுத்ததாலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எழுத்தில் உரிமை மாற்றம் இருக்க வேண்டும். 19-ஆம் பிரிவு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது: உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே; இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே. எனவே எந்தச் சம்மதத்திலும் ‘உலகம் முழுவதற்கும்’, ‘பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும்’ என்ற இரண்டையும் எழுதிவிடுவது நல்லது.

இறந்துபோனவர்களின் உரிமை வாரிசுகளுக்குச் செல்கிறது. அவர்களை அணுகும்போது முதலில் அந்த மனிதரின் உழைப்புக்கு நன்றி சொல்லுங்கள். உரிமம் என்றால் என்னவென்றே தெரியாத குடும்பமாக இருக்கலாம். நிதானமாக விளக்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

## படி 6: முடிவெடுக்கும் முன் பொதுவில் பேசுங்கள்

காரணத்தையும் தேர்ந்தெடுத்த உரிமத்தையும் திட்டத்தின் பொது இடத்தில் வையுங்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். நாள்தோறும் வருபவர்கள் மட்டுமல்லாமல், ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்களும் படிக்க அவகாசம் வேண்டும்.

சிலர் காப்பிலெஃப்ட் உரிமத்தை நம்பித்தான் தம் உழைப்பைக் கொடுத்திருப்பார்கள். தன் நிரல் மூடிய மென்பொருளுக்குள் போய்விடக் கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. அவர்களைத் தடைக்கற்களாகப் பார்க்காதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, ஜிபிஎல்லுக்கும் எம்ஐடிக்கும் நடுவில் எல்ஜிபிஎல் அல்லது எம்பிஎல் 2.0 போன்ற இடைவழி பொருந்துமா என்று யோசியுங்கள். விஎல்சி குழுவும் நூலகத்தை மட்டுமே எல்ஜிபிஎல்லுக்கு மாற்றியது. பிளேயர் ஜிபிஎல்லிலேயே தொடர்ந்தது.

## படி 7: சம்மதம் கேட்டு எழுதுங்கள்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாக அனுப்பும் மடல் ஸ்பேமில் விழும்; விழாவிட்டாலும் தனக்கு எழுதியதாக யாருக்கும் தோன்றாது. கீழே உள்ளதை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்:

> வணக்கம். எங்கள் திட்டத்துக்கு நீங்கள் 2016 முதல் 2018 வரை பங்களித்திருக்கிறீர்கள். உங்கள் கமிட்டுகளின் பட்டியலைக் கீழே தந்திருக்கிறோம். திட்டத்தின் உரிமத்தை ஜிபிஎல் 2-இலிருந்து அப்பாச்சி 2.0-க்கு மாற்ற விரும்புகிறோம். காரணங்களும் இதுவரை நடந்த விவாதமும் இந்த இணைப்பில் உள்ளன. சம்மதம் என்றால் கீழே உள்ள உறுதிமொழியை அப்படியே பதிலாக அனுப்புங்கள். சம்மதம் இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் நிரலை எடுத்துவிட்டு வேறு எழுதிக்கொள்கிறோம். உங்கள் பதில் வரும்வரை உங்கள் நிரல் பழைய உரிமத்திலேயே இருக்கும்.

அனுப்ப வேண்டிய உறுதிமொழி:

> இந்தத் திட்டத்துக்கு இதுவரை நான் அளித்த பங்களிப்புகள் அனைத்தையும் அப்பாச்சி 2.0 உரிமத்தின்கீழ், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும் வழங்கச் சம்மதிக்கிறேன். இந்தச் சம்மதத்தைத் தர எனக்கு உரிமை உண்டு. என் நிறுவனத்துக்கு இதில் உரிமை இருந்தால் அதன் அனுமதியையும் பெற்றிருக்கிறேன்.

புதிய உரிமத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். ‘திட்டம் தேர்ந்தெடுக்கும் எந்த உரிமத்துக்கும் சம்மதம்’ என்று பொதுப்படையாகக் கேட்டால், கேட்பவர்மீது நம்பிக்கை குறையும். கட்டைவிரல் குறியோ, சாட்டில் ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல்லோ போதாது. கிட்ஹப்பில் ஓர் இஷ்யூவைத் திறந்து, பெயர்ப் பட்டியலை அதில் போட்டு, ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து உறுதிமொழியைக் கருத்தாகப் பதியச் செய்வது எளிய வழி. மின்னஞ்சலில் வரும் பதில்களை முழுத் தலைப்புகளோடு சேமித்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு கேள்வி வந்தால் காட்டுவதற்கு அது இருக்க வேண்டும்.

## படி 8: பதில் வராதவர்கள், மறுத்தவர்கள்

2017 மார்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு தன் பங்களிப்பாளர்களுக்கு மடல் அனுப்பியது. பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குக் கடும் கண்டனம் எழுந்தது. புதிய உரிமத்தோடு ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில்தான்.

மௌனத்தைச் சம்மதமாக எண்ணாதீர்கள். மின்னஞ்சல் மாறியிருக்கலாம், உடல்நலம் சரியில்லாமல் இருக்கலாம், துறையையே விட்டுப் போயிருக்கலாம். சில வார இடைவெளியில் மூன்று முறையாவது எழுதுங்கள். கிட்ஹப், லிங்க்டுஇன், மாஸ்டடான், சொந்த வலைத்தளம், உடன் வேலை செய்தவர்கள் என்று மற்ற வழிகளிலும் தேடுங்கள். அதற்கு மேலும் கிடைக்காவிட்டால் இருக்கும் வழிகள் நான்கு:

1. நீக்குவது. அந்த வசதி இல்லாமலேயே திட்டம் ஓடும் என்றால் எடுத்துவிடுங்கள்.
2. புதிதாக எழுதுவது. பழைய நிரலைப் பார்க்காத ஒருவர், அது என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கத்தை மட்டும் வைத்து எழுத வேண்டும். மாறிகளின் பெயரை மாற்றினால் அது புதிய நிரலாகாது.
3. பிரித்து வைப்பது. அந்தப் பகுதியைத் தனி மாட்யூலாக்கிப் பழைய உரிமத்திலேயே விடலாம். இரண்டு உரிமங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.
4. கைவிடுவது. மையமான பகுதியை எழுதியவரே மறுத்தால், மாற்றத்தை விட்டுவிடுவது கௌரவமான முடிவுதான்.

மிகச் சிறிய திருத்தங்களுக்குப் பதிப்புரிமை இருக்காது. எழுத்துப்பிழையைச் சரிசெய்ததற்கோ ஒரு எண்ணை மாற்றியதற்கோ சம்மதம் கேட்க வேண்டியதில்லை. குனு திட்டத்தின் பராமரிப்பாளர் கையேடு சுமார் 15 வரிக்குக் குறைவான மாற்றங்களைச் சட்டப்படி முக்கியமற்றவை என்று கருதுகிறது. அது குனுவின் நடைமுறைதான். எல்லா நாட்டுச் சட்டமும் அதே வரம்பை வைக்கவில்லை. பத்து வரியில் அருமையான அல்காரிதம் ஒன்று இருந்தால் கேட்டுவிடுவதே பாதுகாப்பு.

மறுத்தவர்களை மதித்து நடந்துகொள்வது எப்படி என்பதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல சான்று. அது மென்பொருள் அல்ல, வரைபடத் தரவு. ஆனால் பாடம் ஒன்றுதான். 2012-இல் அது கிரியேட்டிவ் காமன்ஸிலிருந்து ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியது. சம்மதிக்காதவர்கள் வரைந்த சாலைகளும் இடங்களும் 2012 ஜூலையில் வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலும் போலந்திலும் இழப்பு அதிகம். அங்கிருந்த தன்னார்வலர்கள் அவற்றை மறுபடி வரைந்தார்கள். செப்டம்பர் 12-இல் புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது.

## படி 9: கோப்புகளை மாற்றுங்கள்

சம்மதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே இதைத் தொடுங்கள். வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. பழைய உரிமத்தில் இருக்கும் கடைசி நிலைக்கு ஒரு டேக் இடுங்கள். எதுவரை பழையது, எதிலிருந்து புதியது என்ற எல்லை தெளிவாகும்.
2. லைசென்ஸ் கோப்பில் புதிய உரிமத்தின் முழு உரையையும் எழுத்து மாறாமல் வையுங்கள்.
3. மூலக் கோப்புகளின் தலைப்பில் எஸ்பிடிஎக்ஸ் அடையாளக் குறியை இடுங்கள். ஒரே வரியில் உரிமத்தைச் சொல்லும் பொதுக் குறியீடு அது. கருவிகளும் அதைப் படிக்கும். ரியூஸ் என்ற கருவி விடுபட்ட கோப்புகளைக் காட்டிக்கொடுக்கும்.
4. பழைய பதிப்புரிமை வரிகளை அழிக்காதீர்கள். உரிமம் மாறினாலும் எழுதியவரின் பெயர் மாறாது.
5. பிறரிடமிருந்து எடுத்த நூலகங்களின் உரிமக் குறிப்புகள் அப்படியே இருக்க வேண்டும்.
6. பேக்கேஜ்.ஜேசான், பைப்ராஜெக்ட்.டாமல், கார்கோ.டாமல் போன்ற கோப்புகளில் உள்ள உரிமப் புலத்தைத் திருத்துங்கள். ரீட்மி, வலைத்தளம், செயலியின் ‘பற்றி’ திரை ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

இவை அனைத்தையும் தனியான ஒரு கமிட்டாகச் செய்யுங்கள். கமிட் செய்தியில் காரணம், சம்மதப் பதிவுகள் இருக்கும் இடம், தேதி மூன்றையும் எழுதுங்கள்.

## படி 10: அறிவித்து வெளியிடுங்கள்

புதிய முதன்மைப் பதிப்பு எண்ணோடு வெளியிடுவது நல்ல வழக்கம். வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியிலேயே உரிமம் மாறியதைச் சொல்லுங்கள். டெபியன், ஃபெடோரா போன்ற விநியோகங்களில் உங்கள் மென்பொருளைப் பொதிந்து தருபவர்களுக்குத் தனியாகத் தெரிவியுங்கள். பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலம் வரும் என்பதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள்.

## இனி வரும் பங்களிப்புகளுக்கு ஏற்பாடு

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதலாவது டிசிஓ எனப்படும் மூலச் சான்று. லினக்ஸ் கெர்னலில் 2004-இல் வந்தது. ஒவ்வொரு கமிட்டிலும், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பங்களிப்பவர் ஒரு வரியில் உறுதி சொல்கிறார். உரிமை அவரிடமே இருக்கும். இரண்டாவது சிஎல்ஏ எனப்படும் பங்களிப்பாளர் ஒப்பந்தம். வாசகத்தைப் பொறுத்து, பின்னாளில் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தையும் அது திட்டத்துக்குத் தந்துவிடக்கூடும்.

அந்த அதிகாரமோ, மாற்றத்துக்கு இடம் தரும் தளர்வான உரிமமோ நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அண்மைக் காலம் காட்டியிருக்கிறது. எலாஸ்டிக்சர்ச் 2021-இல் அப்பாச்சி 2.0-ஐ விட்டு, திறமூல அங்கீகாரம் இல்லாத உரிமங்களுக்குப் போனது. அமேசான் அதன் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்ம் எம்பிஎல்லிலிருந்து வணிகக் கட்டுப்பாடு உள்ள உரிமத்துக்கு மாறியது; அதன் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் பிஎஸ்டியை விட்டது; அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் அதன் கிளையாக வால்கீ தொடங்கியது. எலாஸ்டிக்சர்ச் 2024-இலும், ரெடிஸ் 2025-இலும் ஏஜிபிஎல்லை ஒரு தெரிவாகச் சேர்த்தன. மூன்றிலும் சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது. பங்களித்தவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்பதால் பலர் விலகிப் போனார்கள். என் பரிந்துரை டிசிஓதான். பழைய உரிமம் இடம் தராத மாற்றம் என்றால் மறுபடி எல்லோரையும் கேட்க வேண்டியிருக்கும் என்பதே அதன் சிறப்பு.

## அடிக்கடி எழும் கேள்விகள்

நான் மட்டுமே எழுதிய திட்டம். யாரையாவது கேட்க வேண்டுமா?
வெளியிலிருந்து எடுத்த நிரல் இல்லை, வேலை கொடுத்தவருக்கும் உரிமை இல்லை என்றால் நீங்களே மாற்றலாம்.

பெரும்பான்மையினர் வாக்களித்தால் போதுமா?
போதாது. 95 பேர் சம்மதித்தாலும் மீதி 5 பேரின் நிரல் அவர்களுடையதுதான்.

பழைய உரிமத்தோடு இன்னொன்றையும் சேர்த்து இரட்டை உரிமம் ஆக்கலாமா?
ஆக்கலாம். ரஸ்ட் மொழி எம்ஐடி, அப்பாச்சி 2.0 இரண்டிலும் வருகிறது. பயனர் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்க்கும் உரிமத்துக்கும் சம்மதம் வேண்டும்.

களஞ்சியத்தில் உரிமமே இல்லை. இப்போது சேர்க்கலாமா?
உரிமம் இல்லாத நிரலில் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. உங்களைத் தவிர வேறு யாராவது எழுதியிருந்தால் அவர்களையும் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை மென்பொருளுக்கு வைக்கலாமா?
வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. ஆவணத்துக்கும் படத்துக்கும் அது நன்றாகப் பொருந்தும்.

வழக்கறிஞர் தேவையா?
நிறுவனங்கள் உரிமையாளர்களாக இருந்தாலோ, யாராவது வழக்கு என்று பேசினாலோ தேவை. இந்தியாவில் டெல்லியிலிருந்து இயங்கும் எஸ்எஃப்எல்சி.இன் அமைப்பு கட்டற்ற மென்பொருள் தொடர்பான சட்ட விஷயங்களில் அனுபவம் உள்ளது.

## இன்றே செய்யக்கூடியவை

உரிமத்தை மாற்றும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் மூன்று வேலைகளை இன்றே முடித்து வைக்கலாம். மெயில்மேப் கோப்பை எழுதுங்கள். பேட்ச் அனுப்பியவர், மொழிபெயர்த்தவர், ஐகான் வரைந்தவர் என்று எல்லோருடைய பெயரையும் ஆத்தர்ஸ் கோப்பில் சேர்த்துவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலில் பங்களிப்பவர்களிடம், நிறுவன அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மொசில்லா 2001-இல் தொடங்கிய உரிம மாற்றம் 2006-இல்தான் முடிந்தது. பழைய பங்களிப்பாளர்களைத் தேடுவதிலேயே ஆண்டுகள் கழிந்தன. யார் என்ன கொடுத்தார் என்ற கணக்கை அன்றன்றே எழுதி வைக்கும் திட்டத்துக்கு அந்தத் தேடல் தேவைப்படாது. கேட்க வேண்டிய நாள் வரும்போது யாரிடம் கேட்பது என்பது அதற்குத் தெரிந்திருக்கும்.